‘ஒழுகாது’ அழகமுத்து

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் அழகமுத்துவின் கடைப் பலகை தொங்கியது. மீன்தொட்டி, யன்னல் கண்ணாடி, படச்சட்டம் என்று கறுப்பில் மூன்று வரி. அதற்குக் கீழே, அவற்றையெல்லாம் விடப் பெரிதாக, சிவப்பில் ஒரே ஒரு சொல்: ஒழுகாது. படச்சட்டம் எங்கேயாவது ஒழுகுமா என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். “அதத்தானே நானும் எழுதியிருக்கேன்” என்றார் அழகமுத்து. வாத்தியார் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போனார்.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர். தேயிலைக் கூடையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே டவுனுக்கு இறங்கி, சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சேர்ந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழ்க் கடைகளின் கண்ணாடி எல்லாம் தெருவில் கிடந்தது. துணி விற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கண்ணாடி வெட்டத் தெரிந்தவருக்குத்தான் சாப்பிடவும் நேரமில்லாமல் போயிற்று. தன் தொழில் எந்த மண்ணில் முளைத்தது என்பதை அவர் யாரிடமும் பேசியதில்லை. கேட்டால், “அம்மன் குடுத்த கை” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அந்தக் கையின் குறுக்கே நீளமாக ஒரு வடு ஓடியது. அம்மன் கொடுத்த கையைக் கண்ணாடி ஒருமுறை கிழித்துப் பார்த்த அடையாளம் அது.

வேலை சுத்தம் என்பதை எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள். பழைய சிலிக்கன் பசை ஒரு மயிரளவு மிச்சமிருந்தாலும் விடமாட்டார். சவர பிளேட்டால் சீவுவார், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைப்பார், துணியை மாற்றி மறுபடி துடைப்பார். கண்ணாடியில் எறும்பு ஏறினால் வழுக்கி விழும் வரைக்கும் துடைப்பார். ஒட்டுமிடத்தின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, துப்பாக்கிபோல விசையுள்ள சிலிக்கன் கன்னை ஒரே மூச்சில் இழுத்து, விரலால் ஒரே தடவை வழித்து, மேலே ஆடை கட்டுவதற்கு முன் டேப்பை உரிப்பார். பிறகு தொடமாட்டார். வினாகிரி போன்ற புளிப்பு வாசம் போகும் வரை தொட்டிக்குப் பக்கத்தில் யாரும் தண்ணீர் என்று சொல்லக்கூடாது.

துடைப்பதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் இன்னொரு காரியம் இருந்தது. அடிக்கண்ணாடியின் நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு வைப்பார். கை கிழிந்த வருடத்திலிருந்து இந்த வழக்கம். வெறும் குங்குமம் கண்ணாடியில் நிற்காமல் உதிர்ந்துவிடும், பொட்டு உதிர்வது நல்லதல்ல என்பதால் நல்லெண்ணெயில் குழைத்து வைப்பார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மூலை என்றால் மூலையேதான். ஒரு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தால் அது மூலைக்குக் காவலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அதற்கு மேல் கறுப்பு சிலிக்கன் போய்ப் பொட்டை மூடிவிடும். சாமிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி.

சின்னத் தொட்டிகள் ஒழுகவில்லை. பெரியவற்றில் சில ஒழுகின. அப்படி ஒழுகியபோதெல்லாம் குற்றம் தொட்டியின் சொந்தக்காரரிடம் இருந்தது. ஒருவர் வீட்டில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். இன்னொருவர் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் போனது. டாக்டரின் வீட்டில் பந்துமில்லை, ரயிலுமில்லை. அங்கே மீன்கள் ரொம்பத் துள்ளின.

அலுவிகாரையில் இருந்த இராசமாணிக்கத்தின் வீட்டில் தரை கோணலாக இருந்தது. அப்படித்தான் அழகமுத்து சொன்னார். இராசமாணிக்கம், அழகமுத்துவின் மனைவி மங்களேஸ்வரியின் அண்ணன். மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது மச்சினன் முறைக்கு அழகமுத்து ஆளுயரத் தொட்டி ஒன்றைச் செய்து கொண்டுபோய் முன்னறையில் வைத்தார். அது முதல் வாரமே கசிந்து, சுவரோரம் அடுக்கியிருந்த கராம்பு மூட்டைகளை நனைத்தது. அழகமுத்து தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். தரையில் வைத்தார், திருப்பி வைத்தார், குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“குமிழி தள்ளி நிக்குது மச்சான். ஒங்க தரை கோணல்.”

“என் தரை கோணல்னா ஒங்க வாயி கோணல் மாப்ளே. நாலு மூலையும் ஒண்ணாவா கோணும்?”

அழகமுத்து ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோபித்து வெளியே வந்தார். அதோடு போக்குவரத்து நின்றது. ஆறேழு வருடமாக மங்களேஸ்வரி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோயிலில் அண்ணியைப் பார்த்தால் சூடம் எரிந்து முடிவதற்குள் பேச வேண்டியதைப் பேசிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஏழில், கோயில் தேர்த் திருவிழா முடிந்த கையோடு, இராசமாணிக்கத்தின் மகள் பெரியவளானாள். சடங்கைப் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தள்ளி வைத்திருப்பதாக அண்ணி கோயிலில் வைத்துச் சொன்னாள். முதல் சொம்புத் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே அத்தை.

“அத்தை ஊத்தாம யாருங்க ஊத்துறது? ரோட்டுல போறவளா?” என்று மங்களேஸ்வரி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஓங்கண்ணன் மொதல்ல தரை கோணல்னு ஒத்துக்கட்டும். அன்னைக்கே கெளம்பு.”

“தரை கோணல்னு ஒத்துக்கிட்டாத்தான் புள்ள பெரியவளானது செல்லுமாக்கும்?”

அழகமுத்து ரசத்தை உறிஞ்சினார். பதில் சொல்லாமலிருப்பதற்கு ரசத்தைப் போல உதவி எதுவுமில்லை.

அந்த வாரத்தில்தான் ஸஹாப்தீனின் ஆள் வந்தது. கண்டி வீதியில் ஸஹாப்தீனின் சாப்பாட்டுக் கடை; உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது சுவரளவு மீன்தொட்டி. அதில் இரண்டு ஓஸ்கார் மீன்கள். அவற்றுக்குத் தினமும் கையால் தீன் கொடுப்பவள் ஸஹாப்தீனின் மனைவி ஸரீனா. மேல் தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கி, அங்கே தடுப்புக் கண்ணாடிகளுக்கு நடுவில் பஞ்சையும் கல்லையும் கடந்து சுத்தமாகி, பம்பால் மறுபடி மேலே ஏறும். கொழும்புக்காரர்கள் அந்தக் கீழ்த்தொட்டியை சம்ப் என்பார்கள். அது ஒரு மூலையில் ஒழுகத் தொடங்கியிருந்தது. பம்பை நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஓட்டினால் கடைக்குள் தண்ணீர் வருகிறது.

“பாஸ், இத எப்பிடியும் சரியாக்கித் தாங்க” என்றார் ஸஹாப்தீன். வேலை தெரிந்தவரை பாஸ் என்பதும் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பதும் அந்த ஊர்ப் பேச்சு. “ஸரீனாவுக்கு எங்கட புள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் இவ்வளவு கவலை இல்ல.”

அழகமுத்து குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்ததும் சிரித்தார்.

“யாரு நானா இதுல கை வெச்சது?”

“மீன் கடைப் பொடியன் ஒருத்தன், வெளியால மருந்து பூசிட்டுப் போனான்.”

“பழைய சிலிக்கன் மேல புதுசப் பூசியிருக்கான். ஜென்மத்துக்கும் ஒட்டாது. மொத்தத்தையும் கழட்டி, வழிச்சு, மொதல்ல இருந்து ஒட்டணும்.”

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அழகமுத்துவிடம் இருந்த தொல்லையே அதுதான். அவர் சொல்வதில் முக்கால்வாசி சரியாக இருக்கும். பிறகு பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தது. திருப்பி வைத்தார். அப்போதும் அசையவில்லை. இவ்வளவு நல்ல தரையை மாத்தளையில் தான் பார்த்ததில்லை என்று ஸஹாப்தீனிடம் சொன்னார். வீட்டுக்குப் போய் மங்களேஸ்வரியிடமும் சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

“அப்ப அந்தத் தொட்டி ஒழுகுனா?” என்றாள் அவள்.

“ஒழுகாது.”

“ஒழுகுனா?”

“பலகையில என்னா எழுதியிருக்கு? எழுத்துக் கூட்டத் தெரியும்ல?”

“தெரியும். ஒழுகுனாங்கிறேன்.”

“ஒழுகுனா நானே வாரேன் ஒங்கண்ணன் வீட்டுக்கு. சீர்த்தட்ட நானே தூக்கிக்கிட்டு வாரேன். போதுமா?”

“அம்மன் மேல?”

“அம்மன் மேல.”

மங்களேஸ்வரிக்கு அது போதுமாயிருந்தது. மறுநாள் காலையிலிருந்து, கடைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்டி வீதி வழியாகச் சுற்றிப்போனாள்.

கறுப்பு சிலிக்கன் மாத்தளையில் தட்டுப்பாடாயிருந்ததால் அழகமுத்து கண்டிக்குப் போய் வாங்கினார். கன்னையும் எடுத்துப் போயிருந்தார். கடைக்காரன் பழைய சிலிக்கன் ட்யூபைத் தந்து ஏமாற்றிவிடாமல் அங்கேயே மாட்டிப் பார்க்க வேண்டுமாம். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, பையைத் திறந்து காட்டி நடக்க வேண்டும். அழகமுத்துவின் பையில் விசையும் கைப்பிடியும் நீண்ட தண்டுமாக ஒரு சாமான் கிடந்தது. அட்டையில் தமிழ்ப் பெயர்.

சிப்பாய் இதென்ன என்று கேட்டான். அதற்குத் தொழிலில் என்ன பெயர் என்பதை அந்த இடத்தில் சொல்லாமலிருக்கும் அளவுக்கு அழகமுத்துவுக்கு புத்தி இருந்தது. மீன்தொட்டிக்கு மருந்து போடும் கருவி என்று சிங்களத்தில் நீட்டி முழக்கினார். மீன்தொட்டியென்றால் எங்கே, யாருடையது, எத்தனை மீன் என்று கேள்விகள் வந்தன. கடைசியில் சிப்பாய் ட்யூபின் மூக்கை வெட்டி, உள்ளே கம்பியை விட்டுக் குடைந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தான். அழகமுத்து அவனுக்கு நன்றி சொன்னார். பொருளைக் கெடுத்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவது அந்த வருடங்களில் பிரயாணத்தின் ஒரு பகுதி.

கீழ்த்தொட்டியைக் கழற்றி, சீவி, துடைத்து, பொட்டு வைத்து, ஒட்டினார். வாசம் போகக் காத்திருந்து தண்ணீர் விட்டார்கள். ஸரீனா அலமாரிக்குள் தொட்டிக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிய வேண்டுமென்று.

மாலைக்குள் நான்கு சொட்டு தெரிந்தது. மூலைக்கு ஒன்று.

“முந்தி ஒரு மூலையிலதான் ஒழுகுனது பாஸ்” என்றார் ஸஹாப்தீன், மிகவும் மரியாதையாக.

“ஆர்மிக்காரன் கம்பிய விட்டுட்டான் நானா” என்று அழகமுத்து குரலைத் தாழ்த்தினார். “காத்து உள்ள போயிருச்சு. மருந்து செத்துப் போச்சு.”

காற்றுப் பட்டால் ட்யூபின் நுனியில் ஒரு விரற்கடை இறுகும். அந்தக் கட்டியைப் பிடுங்கி எறிந்தால் மீதி நல்லபடி வரும். அழகமுத்துவே பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் ஒட்டியிருந்தார். ஆனாலும் எதிர்த்துப் பேச வரமாட்டான் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவன் மேல் பழியைப் போடுவது வசதியாயிருந்தது. காதில் விழுந்தால் அவனும் திருப்பிக் கொடுக்கக்கூடியவன் என்பதால் தாழ்ந்த குரலில் போட்டார்.

“ஒழுகிருச்சாமே?” என்றாள் மங்களேஸ்வரி.

“தொட்டி ஒழுகல. ட்யூப் ஒழுகிருச்சு. இது கணக்குல வராது.”

“அம்மனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?”

“தெரியும். நீ சோத்தப் போடு.”

இந்த முறை தெரிந்த லொறிக்காரர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து ட்யூப் வரவழைத்தார். யாரும் மூக்கை வெட்டாத ட்யூப். கீழ்த்தொட்டியை மறுபடி பிரித்தபோது ஓர் அதிசயத்தைக் கண்டார். நீளவாட்டில் சிலிக்கன் கண்ணாடியைப் பிடித்த பிடியில் பிளேட் வளைந்தது. மூலைகளுக்கு வந்ததும் வாழைப்பழத் தோல்போல உரிந்தது. உள்ளே நான்கு பொட்டும் வைத்தபடி, கலையாமல், பளபளவென்று இருந்தன. சுற்றிலும் ஓரம் மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது. தண்ணீர் இத்தனை பாடுபடுத்தியும் அம்மன் இடத்தை விட்டு அசையவில்லையே என்று அழகமுத்துவுக்கு மெய்சிலிர்த்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்பிரிட்டால் எல்லாவற்றையும் துடைத்தார். அதே இடத்தில் புதுப்பொட்டு வைத்தார், இந்த முறை கொஞ்சம் பெரிதாக.

பக்கத்தில் நின்ற ஸஹாப்தீன் வாயைத் திறந்தார். மறுபடி மூடினார். ஸரீனா அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார்.

இரண்டாவது தடவையும் ஒழுகியது. இம்முறை சொட்டுகள் பெரிது.

அழகமுத்து எல்லாவற்றையும் விசாரித்தார். தொட்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்திருக்கிறது என்றார். சொட்டு விழுந்த துணியில் செம்மை தெரிந்தது, ஆகவே துரு என்றார். ஸ்டாண்ட் போன மாதம் பெயின்ட் அடித்தது என்று ஸஹாப்தீன் சொன்னார். அப்படியானால் பம்பு அதிர்கிறது என்றார். பம்பை இன்னும் போடவே இல்லை என்று ஸஹாப்தீன் சொன்னார். மழைக்காற்று, சமையலறை ஆவி, தாளிக்கும் புகை என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடித்து, கடைசியில் பையிலிருந்த ரசமட்டத்தின் பக்கம் அவர் கை போனது. போன கை பாதியில் நின்றது. இந்தத் தரையைப் பற்றி அவர் ஊரெல்லாம் பேசியிருந்தார்.

மேலே ஓஸ்கார் மீன்கள் இரண்டும் தண்ணீர் மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஸரீனா வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மங்களேஸ்வரி சாப்பாட்டுக் கெரியரோடு உள்ளே வந்தாள். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் புருஷனுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்த பெண்ணை மாத்தளையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கெரியரை மேசையில் வைத்துவிட்டு நேரே அலமாரிக்குக் குனிந்தாள். சடங்கு அடுத்த வாரம்.

“ஒழுகுதா?” என்று ஸரீனாவிடம் கேட்டாள்.

“மழை மாதிரி.”

“என்னாவாம்?”

ஸரீனா திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் இருவரும் வாசலில் நின்று, சமையலறைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“செல்லக் கூடாதுதான்” என்று, ‘சொல்ல’ என்பதைச் ‘செல்ல’ என்னும் தன் வீட்டுப் பேச்சில், குனிந்து காதருகே சொன்னாள். “இவர் வாயத் தொறக்க வேணாமெண்டு செல்லியிருக்கார். உங்கட சாமி விஷயம். நாங்க செல்லி, அது வேற மாதிரிப் போச்செண்டா?”

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. தொட்டி கசிந்தால் துணி போட்டுத் துடைக்கலாம். அந்த ஊரில் வேறு சில கசிவுகளைத் துடைக்கப் பொலிஸ் வரவேண்டியிருந்தது. ஒரு முஸ்லிம் கடையில் வைத்து இந்துவின் பொட்டைக் குறை சொன்னார்கள் என்ற பேச்சு பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் என்னவெல்லாம் ஆகும் என்று ஸஹாப்தீன் யோசித்திருந்தார். அதைவிட, தினமும் தரையைத் துடைப்பது மேல் என்று முடிவுசெய்திருந்தார்.

“என்னா விஷயம்? சும்மா சொல்லுங்க.”

ஸரீனா தொட்டிக்கு அடியிலிருந்து துணியை உருவி விரித்தாள். நான்கு மூலையிலும் நான்கு வட்டம். ஈரம் வெளுப்பாகப் பரவி, நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சிவந்திருந்தது.

“துருவெண்டு செல்றார். துரு மணக்குமா? மணந்து பாருங்க.”

மங்களேஸ்வரி முகர்ந்தாள். குங்குமமும் நல்லெண்ணெயும். வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தன் கையால் குழைத்துக் கொடுக்கும் வாசம். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆறேழு வருடத்துக்கு முன் அண்ணி ஒரு கராம்புச் சாக்கை இப்படித்தான் விரித்துக் காட்டினாள். சிவப்பாக என்னவோ ஒட்டியிருக்கிறது, கழுவியும் போகவில்லை என்றாள். இவள்தான் புருஷனுக்காக, சாக்கு மையாயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தாள்.

பிறகு சிரித்தாள். சத்தமாக, கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

“ஏங்க! இங்க வாங்க.”

அழகமுத்து வந்தார்.

“எண்ணெ வெச்ச எடத்துல சிலிக்கன் ஒட்டுமா?”

“ஒட்டவே ஒட்டாது. அதுக்குத்தானே ஸ்பிரிட்டப் போட்டுத் தொடைக்கிறது. இதுகூடத் தெரியாம—”

“தொடச்சுட்டு என்னா வெக்கிறீங்க?”

அழகமுத்துவின் வாய் திறந்தபடி இருந்தது. மேலே ஓஸ்கார் மீன்களின் வாயும் அப்படித்தான் இருந்தது. ஸரீனா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“சாமிப் பொட்டு ஒழுகுதுங்கிறியா?” என்றார் கடைசியில். “அதுவும் அடுத்தாளு கடையில வெச்சு?”

“சாமி ஒழுகல. ஒங்க நல்லெண்ணெதான் ஒழுகுது.”

“பொட்டில்லாம நான் கண்ணாடியத் தொட்டதில்ல. இந்தா பாரு கைய.” வடுவை நீட்டினார். “தொடவும் மாட்டேன்.”

“சரி. காவலு கண்ணாடிக்கா, கைக்கா?”

“கைக்குத்தான்.”

“அப்ப ஒங்களுக்கே வெச்சுக்கங்க.”

இதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இல்லாதது போலவும் அழகமுத்துவுக்குப் பட்டது. யோசித்து, பொட்டை அதில் வைக்கும்படி கட்டைவிரலை நீட்டினார்.

“அந்த வெரல வெச்சுத்தானே மருந்த வழிப்பீங்க? மறுபடி மூலைக்கு மூலை எண்ணெயா? நெத்தியக் காட்டுங்க.”

சாப்பாட்டுக் கடையின் நடுவில், பராட்டாவுக்கும் தேநீருக்கும் காத்திருந்தவர்கள் பார்த்திருக்க, மங்களேஸ்வரி புருஷனின் நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். பிறகு அவர் கையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டாள். “நம்மட தொட்டிக்கு நல்லது நடந்தாச் சரி” என்றார் ஸஹாப்தீன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது தடவை தண்ணீர் விட்டபோது வெள்ளைத் துணி காலையிலும் காய்ந்திருந்தது, மாலையிலும் காய்ந்திருந்தது. பம்பு ஓடியது. மீன்கள் கீழே இறங்கின. அழகமுத்து கன்னைத் துடைத்துப் பையில் வைத்தபடி, “நான் அப்பவே சந்தேகப்பட்டேன்” என்றார். ஸஹாப்தீன் இதற்கும் வாயைத் திறந்து, மூடினார்.

வெற்றி வந்த பிறகுதான் அழகமுத்துவுக்குத் தூக்கம் போனது. ஒழுகினால் வருவதாக அம்மன் மேல் சொன்ன சொல் ஒரு பக்கம். அதைக்கூட வாதாடிச் சாய்த்துவிடலாம், கடைசியில் ஒழுகவில்லையே என்று. ஆனால் நாலு மூலையும் ஒன்றாகவா கோணும் என்று மச்சான் கேட்ட கேள்வி இப்போதுதான் அவருக்குள் சரியாகப் போய் இறங்கியிருந்தது. பந்தடித்த பிள்ளைகள், ரயில், டாக்டரின் துள்ளும் மீன்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மங்களேஸ்வரி வாதாட இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பழமும் சேலையும் வைத்து, அதை அவர் கையில் கொடுத்து, முன்னால் நடந்தாள்.

அலுவிகாரையில் இராசமாணிக்கம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்துக் கண் கலங்கினார். தட்டோடு வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் கலங்கியது தெளிந்துவிட்டது.

“வாங்க மாப்ளே. பாத்து காலெடுத்து வைங்க. தரை கோணல்.”

அழகமுத்து பார்த்துக் காலெடுத்து வைத்தார். முன்னறையில் அந்தப் பழைய தொட்டி அதே இடத்தில் இருந்தது. உள்ளே விளிம்பு வரை கராம்பு.

“தண்ணிதான் நிக்காது” என்றார் இராசமாணிக்கம். “கராம்பு நல்லா நிக்குது. பலகையில எழுதிப் போடலாம்.”

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மங்களேஸ்வரி எதையும் கேட்காதவள் போல உள்ளே போனாள். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், புதிதாகக் கட்டிய பின்விறாந்தையில் சேலையால் மறைப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் சொம்பை அத்தை ஊற்றியபோது பெண்கள் குலவையிட்டது முன்னறைக்குக் கேட்டது. அழகமுத்து கையிலிருந்த வெற்றிலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பிள்ளையை உடுத்த உள்ளே கூட்டிப்போன பிறகு, பந்தி போட விறாந்தையைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே ஒரு சங்கடம். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அப்படியே நின்றது. எந்தப் பக்கமும் ஓடவில்லை. மாப்பிள்ளையோடு சண்டை போட்ட பிறகு கட்டிய விறாந்தை அது. இனி எவனும் தன் தரையைக் கோணல் என்று சொல்லிவிடக் கூடாதென்று இராசமாணிக்கம் சொந்தமாக ரசமட்டம் ஒன்று வாங்கி, மேசன் பாஸின் தலைக்கு மேல் நின்று, தண்ணீர் ஓடும் வாட்டமே இல்லாமல் போடவைத்தார். மேசன் பாஸ் விறாந்தைக்கு வாட்டம் வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து மழைச் சாரல் அடித்தால் அந்த வீட்டில் யாரும் பின்பக்கம் போவதில்லை.

“என்னா மாப்ளே,” என்றார் இராசமாணிக்கம், நிலையில் சாய்ந்துகொண்டு. “தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் தெரிஞ்சவரு.”

அழகமுத்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். தண்ணீர் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் அவர் காலைச் சுற்றி நின்றது. குங்குமமும் மஞ்சளும் அதில் மெல்ல மிதந்தன. எல்லோரும் பார்த்திருந்தார்கள். வாசலில் மங்களேஸ்வரி நனைந்த சேலையோடு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது.

“தரை சமமாத்தான் இருக்கு மச்சான்” என்றார்.

இராசமாணிக்கம் நிலையிலிருந்து முதுகை எடுத்தார். அங்கே அழகமுத்து நிறுத்தியிருக்கலாம்.

“முன்னறையும் இந்த ஆறேழு வருஷத்துல எறங்கி, இப்ப சரியா வந்திருக்கும்.”

இராசமாணிக்கம் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து வந்து புருஷனின் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க. தள்ளுங்க.”

அழகமுத்து தள்ளினார். தண்ணீர் சுவர் வரைக்கும் போய், அவசரமில்லாமல் திரும்பி அவர் காலடிக்கே வந்தது.